வாசலுக்கு வந்த பிளசர்

தென் மாவட்டத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காரை அவர்கள் ‘கார்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘பிளசர்’ என்பார்கள். “பண்ணையார் வீட்டுக்குப் புதுப் பிளசர் வந்திருக்கு”, “ராத்திரியோட ராத்திரியா பிளசர் பிடிச்சு மதுரைக்குக் கொண்டு போனோம்” என்று அந்தச் சொல் இன்றும் சில வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லாரி, பஸ் போல வாடகைக்கு ஓடாமல் சொந்த உபயோகத்துக்கு ஓடும் வண்டியை அந்தக் காலத்தில் ‘பிளஷர் கார்’ என்றார்கள். பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் நம் ஊர் வைத்துக்கொண்டது. அந்த வண்டியைப் பார்த்ததே அன்றைக்கு ஒரு சந்தோஷம்தான் என்பதால், பெயரும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இன்று கைபேசியில் நிறம் பார்த்து, வங்கிக் கடன் வாங்கி, ஒரே வாரத்தில் கார் எடுத்துவிடலாம். ஆனால், 40, 50 வருடங்களுக்கு முன்பு ஒரு கார் வீட்டுக்கு வருவது கல்யாணத்துக்குச் சமமான சங்கதி. அதற்கு ஒரு தரகர் போல, பெரிய மனிதர் போல நடுவில் நின்றது, ஊரில் இருந்த அந்த ஒற்றைக் கார் கம்பெனி. ‘ஷோரூம்’ என்ற சொல் பழகாத நாளில் அதை ‘கம்பெனி’ என்றே சொன்னார்கள்.

மேல வெளி வீதியில் ஒரு கம்பெனி

சென்னைக்கு சிம்சனும் அடிசனும் எப்படியோ, மதுரைக்கு டி.வி.எஸ். அப்படி. குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்த சிம்சன், 1903-லேயே நீராவியில் ஓடும் காரைச் சென்னையில் செய்து காட்டியது. அடிசன், மோரிஸ் கார்களை விற்றது. இவை இரண்டும் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய நிறுவனங்கள். மதுரைக் கதை வேறு. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், சட்டம் படித்து, ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு பஸ் விட வந்தவர். 1911-ல் தொடங்கிய அந்தத் தொழில், மதுரை மேல வெளி வீதியைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது.

பஸ் ஓட்டியவருக்கு வண்டியின் வலி தெரியும். எந்த ரோட்டில் டயர் தேயும், எந்த மேட்டில் என்ஜின் சூடாகும், எந்த உதிரி பாகம் கிடைக்காமல் வண்டி நாள்கணக்கில் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அனுபவம். அந்த அனுபவத்தோடு கார் விற்கவும் வந்ததுதான் டி.வி.எஸ்ஸின் பலம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1928-ல் பம்பாய் சேவ்ரியில் தொழிற்சாலை திறந்து, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி செவர்லே வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. அந்த வண்டிகள் தென்னாட்டுக்கு வந்து சேர்ந்த முக்கிய வழிகளில் ஒன்று டி.வி.எஸ். காரை விற்பது, பழுது பார்ப்பது, பாகம் தருவது என்று மூன்றும் ஒரே இடத்தில் நடந்ததால், “வண்டி வாங்கினால் அங்கே வாங்கு, பின்னால் கவலை இல்லை” என்ற பேச்சு ஊரில் நிலைத்தது.

அந்தக் கம்பெனியின் பஸ்களைப் பற்றி மதுரைக்காரர்கள் இன்றும் சொல்லும் கதைகள் உண்டு. டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் வைத்து ரோட்டிலிருந்து அவற்றைப் பொறுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மரக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட வைக்கும் ‘கேஸ் பிளான்ட்’டை டி.வி.எஸ். செய்து விற்றது. வண்டியின் பின்னால் ஓர் அடுப்பும் உருளையும் தொங்கும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கிளீனர் எழுந்து நெருப்பு மூட்ட வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. ‘கரி பஸ்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

காத்திருந்த வருடங்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. உள்நாட்டிலேயே காரை உற்பத்தி செய்ய வேண்டும், பாகங்களை இறக்கிப் பூட்டுவது மட்டும் போதாது என்று அரசு முடிவெடுத்தது. 1953-ல் கட்டண ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுக் கிளம்பின. செவர்லே வாங்கிய வீடுகளுக்கு இனி பாகம் எங்கிருந்து வரும் என்ற கவலை.

மிச்சம் இருந்தவை முக்கியமாக மூன்று. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாஸடர். பம்பாய் குர்லாவில் ஃபியட். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு. நாடு முழுவதற்கும் இந்த மூன்று தொழிற்சாலைகள்தான். விலையையும் விநியோகத்தையும் அரசே கட்டுப்படுத்தியது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பதிந்த கார், அவன் கல்லூரிக்குப் போகும்போது வந்த வீடுகள் உண்டு. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. கறுப்பு வந்தால் கறுப்பு, சாம்பல் வந்தால் சாம்பல். வந்ததே பெரிய விஷயம்.

அதனால்தான் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது அன்றைக்குப் பெரிய செல்வாக்கு. ‘நம்ம நம்பர் எப்ப வரும் சார்?’ என்று மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். அவரும் பெரிய நோட்டைப் பிரித்து, விரலை வைத்து வரிசை பார்த்துச் சொல்வார். பொங்கலுக்குக் கரும்பும், வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகையும் அவர் வீடு தேடிப் போகும். கார் வருவதற்கு முன்பே கம்பெனிக்காரர் குடும்பத்தில் ஒருவராகியிருப்பார்.

டெலிவரி நாளும் அப்படித்தான். ராகு காலம், எமகண்டம் பார்த்து நேரம் குறிப்பார்கள். தாத்தா வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார். சாவியை வாங்கும் முன் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். முதல் ஓட்டம் கோயிலுக்குத்தான். சிலர் மீனாட்சியம்மன் சன்னதிக்கும், சிலர் குலதெய்வம் இருக்கும் பொட்டல் காட்டுக்கும் போனார்கள். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்று வண்டி, மூன்று குணம்

அம்பாஸடர் கூட்டுக்குடும்பத்துக்கென்றே செய்த வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து 1950-களின் கடைசியில் வந்தது. முன்சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்ததால், டிரைவரோடு சேர்த்து முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மடியில் ஒரு குழந்தை கணக்கில் வராது. டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, இரண்டு தலைவாழைத் தார், தகர டிரங்குப் பெட்டி எல்லாம் அடங்கும். பள்ளம் மேடு எதுவானாலும் தொட்டில் போல ஆட்டிக்கொண்டு போகும். மந்திரி முதல் டாக்ஸி டிரைவர் வரை ஒரே வண்டியில் போனார்கள். எம்.ஜி.ஆர். பயன்படுத்திய 4777 எண் அம்பாஸடரைத் தியாகராய நகர் நினைவு இல்லத்தில் இன்றும் மக்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஃபியட் படித்தவர் வண்டி. டாக்டர், வக்கீல், பேராசிரியர் வீடுகளில் நின்றது. பழைய ஃபியட்டில் முன்கதவு பின்பக்கம் கீல் வைத்து, தலைகீழாகத் திறக்கும். புடவை கட்டிய பெண்கள் ஏறி இறங்க அது சௌகரியம். ஆனால், ஓடும்போது கதவு திறந்துகொண்டால் ஆபத்து என்பதால் பின்னால் அதை மாற்றினார்கள். 1964-ல் வந்த ‘டிலைட்’, பிறகு ‘பிரசிடென்ட்’, 1974-ல் ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயர்கள் மாறினாலும், ஊர்க்காரர்களுக்கு அது கடைசி வரை ஃபியட்தான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் மண்ணில் பிறந்த செல்லப்பிள்ளை. 1961 முதல் வண்டலூரில் தயாரானது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த உருவம். முன்மூடி மட்கார்டுகளோடு சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினைக் கழற்றலாம். 25 அடிக்குள் முழு வட்டம் திரும்பிவிடும் என்பதால், குறுகலான அக்ரஹாரத் தெருவுக்கும் சந்தைக் கடைத் தெருவுக்கும் ஏற்ற வண்டி. முதலில் இரண்டு கதவு. 1968-ல் இந்தியக் குடும்பத்துக்காக நான்கு கதவு வைத்தார்கள். பின் அச்சு உடைவதுதான் அதன் பலவீனம். ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த ‘மடக்’ சத்தம் மறக்காது.

மெக்கானிக்கின் காது

அந்தக் கால வண்டிக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. மெக்கானிக்கின் காதுதான் கருவி. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். “டேப்பெட் சத்தம், பயப்படாதீங்க” என்பார். கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதி மாட்டுவார். பிளாட்டினம் பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, சிகரெட் அட்டையை நடுவில் வைத்து இடைவெளி பார்ப்பார். குளிர்கால விடியலில் சோக்கை இழுத்து, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றத் தெரியாமல் சுற்றிக் கட்டைவிரல் பிசகிய டிரைவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த மெக்கானிக்குகள் பலருக்குப் பள்ளிக்கூடமே கம்பெனியின் ஒர்க்‌ஷாப்தான். பத்து, பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக நுழைந்து, ஃபோர்மேனாக உயர்ந்து, பிறகு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் தனியாக ஒர்க்‌ஷாப் போட்டவர்கள் அவர்கள். கம்பெனி ஒரு ஊருக்குத் தந்த பெரிய சொத்து, அது விற்ற காரைவிட அது பழக்கிய கைகள்தான்.

கார் விற்ற குடும்பங்களும் அங்கேயே நின்றுவிடவில்லை. வெளிநாட்டுப் பாகம் வராது என்று ஆனபோது, அதை இங்கேயே செய்தால் என்ன என்று யோசித்தார்கள். 1955-ல் சுந்தரம் அய்யங்கார் மறைந்தார். அடுத்த பத்து, பன்னிரண்டு வருடங்களுக்குள் அவரது பிள்ளைகள் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் திருகாணிக்கும் ஒவ்வொரு ஆலையாகத் தொடங்கினார்கள். இன்று சென்னையைச் சுற்றி நிற்கும் கார் தொழிலின் வேர்களில் ஒன்று, மதுரையில் பாகம் கிடைக்காமல் தவித்த அந்த நாள்களில் இருக்கிறது. 1972-ல் அவர்கள் பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக மாறின.

ஊருக்கே பொதுவான ஒரு கார்

ஊரில் ஒரே ஒரு பிளசர் இருந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வரும். பிரசவ வலி எடுத்தால் நள்ளிரவில் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பாம்பு கடித்தாலும் அந்தக் கார்தான். ஆம்புலன்ஸ் என்ற பேச்சே இல்லாத ஊர்களில், எத்தனையோ பேர் உயிரோடு இருப்பதற்கு யாரோ ஒருவர் வீட்டு அம்பாஸடர் காரணம். ‘இந்தக் காரில்தான் நீ பிறந்தாய்’ என்று சொல்லிக் காட்டப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

தமிழ் சினிமா இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 1985-ல் வந்த ‘படிக்காதவன்’ படத்தில் ரஜினியின் டாக்ஸிக்குப் பெயர் லட்சுமி. 2014-ல் வந்த ‘பண்ணையாரும் பத்மினியும்’ படமோ, ஒரு வயதான தம்பதிக்கும் ஒரு பழைய பத்மினிக்கும் இடையிலான பாசத்தையே முழுக் கதையாக்கியது. காருக்குப் பெயர் வைப்பது, கோபித்துக்கொள்வது, தட்டிக்கொடுத்து ஸ்டார்ட் செய்வது எல்லாம் நம் வீடுகளில் நடந்தவைதாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆனது, மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை. பழைய மூன்றும் ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஸ்டாண்டர்டு 1980-களின் இறுதியில் நின்றது. பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விடைபெற்றது. 2014 மே மாதம் கடைசி அம்பாஸடர் உத்தர்பாராவிலிருந்து வெளியேறியது.

கொட்டகையில் நிற்கும் தாத்தா கார்

இப்போதும் பல வீடுகளின் பின்கட்டில், வைக்கோலுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே ஒரு பழைய கார் நிற்கிறது. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் வழியில்லை. காயலான் கடைக்காரர் எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளைகள் ‘இடத்தை அடைக்குது’ என்கிறார்கள். அப்படி ஒரு கார் உங்கள் வீட்டில் இருந்தால், முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பல கார்கள் இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கின்றன. உரிமையாளர் இறந்தால் 30 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பல வருடம் கடந்திருந்தாலும், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். காகிதம் இல்லாத கார் வெறும் இரும்புதான்.

அடுத்தது வயது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத கார்களை ‘வின்டேஜ்’ வண்டியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால், அதில் தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம்.

50 தாண்டாத கார்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. 1980-களின் அம்பாஸடரும் பத்மினியும் இந்த ரகம். 15 வருடம் தாண்டிய காருக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆகியது. இன்னும் சில வருடம் கையில் பிடித்து வைத்தால் அதே கார் ‘வின்டேஜ்’ ஆகிவிடும். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல்தான் பல கார்கள் உடைக்கப்படுகின்றன.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், பராமரிப்பு பெரிய செலவில்லை. பேட்டரியைக் கழற்றி வையுங்கள். டேங்கில் பழைய பெட்ரோல் தேங்க விடாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் கெட்டுப்போகக்கூடும். ஓட்டும் முன் அவற்றை மாற்றிவிடுங்கள். நான்கு பக்கமும் ஜாக்கி கொடுத்தோ, கட்டையில் நிறுத்தியோ டயரின் சுமையைக் குறையுங்கள். எலி ஒயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பருத்தித் துணியே போதும்.

வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், காயலான் கடைக்கு முன் வேறு வழிகளும் உண்டு. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு குடும்பத்தினரின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இயங்குகிறது. சென்னை வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டுடியோ 2023-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்து பழைய கார்களை வைத்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் பழைய கார் ஆர்வலர்களின் அணிவகுப்புகள் நடக்கின்றன. காமராஜர் பயணம் செய்த எம்.டி.டி. 2727 எண் கறுப்பு செவர்லேயே துருப்பிடித்து நின்ற நிலையிலிருந்து மீண்டும் பளபளப்பாக்கப்பட்டது. நல்ல விலையும், அதைவிட நல்ல வீடும் உங்கள் காருக்குக் கிடைக்கலாம்.

காரைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன் கதையைக் காப்பாற்றலாம். எந்த வருடம் பதிந்தார்கள், எத்தனை வருடம் காத்திருந்தார்கள், கம்பெனியில் யார் சாவி கொடுத்தார், முதலில் எந்தக் கோயிலுக்குப் போனார்கள், எந்த மழை ராத்திரியில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது... வீட்டிலிருக்கும் பெரியவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு, ஒரு நோட்டில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். அம்பாஸடருக்கு இன்னும் எங்காவது பாகம் கிடைக்கும். அந்த ஞாபகத்துக்கு உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.